பழுப்பு அட்டை

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கிழிந்த புத்தகங்களுக்கெல்லாம் ஒரே மருந்து, பழுப்பு அட்டை. பைண்டர் பழைய அட்டையைப் பிய்த்துவிட்டுத் தைத்து, ஒட்டி, முதுகில் எண் எழுதித் தருவார். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்த மகா புத்திசாலி, நூலகரான நான்தான். ஆயிற்று இருபத்திரண்டு வருடம்.

இந்த வருடம் கருத்துக்கணிப்புப் படிவத்தில் புதிதாக ஒரு கேள்வி. எந்தப் பதிப்பகத்தின் புத்தகங்கள் உங்களுக்குத் திருப்தி தருகின்றன? அறுநூறு படிவங்களை எண்ணி முடிப்பதற்குள் எனக்குக் கழுத்து விட்டுப்போயிற்று. பேர்பெற்ற ஒரு பெரிய பதிப்பகத்துக்கு ஐந்நூற்று நாற்பது பேர். அதன் புத்தகங்கள் கண்ணாடி அலமாரியில் மெருகு கலையாமல் நிற்கின்றன. செவிலியர் மாணவிகள் அடித்துப் பிடித்துப் படிக்கும் மருந்தளவுப் புத்தகத்தைப் போட்ட சின்னப் பதிப்பகத்துக்கு நான்கே பேர்.

திருப்தி தராத பதிப்பகங்களின் புத்தகங்களை அடுத்த வருடம் வாங்குவதில்லை என்று கொள்முதல் குழு சொல்லியிருந்தது. மருந்தளவுப் புத்தகம் எங்களிடம் இருப்பதே ஏழு பிரதி. "இனிமே ஊசி தாங்காதும்மா. தாளு பொடிப்பொடியா வருது. புதுசு வாங்கிடுங்க" என்று பைண்டர் போன மாதமே கையை விரித்துவிட்டார். வாங்காவிட்டால் வருகிற வருடம் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வீட்டுக்கு வந்தால், எங்கள் பல்கலைக்கழகத்திலேயே செவிலியர் படிப்பு படிக்கும் என் மகள் அதே புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"இதைப் போட்டது யாருன்னு தெரியுமாடி?"

"யாருக்கும்மா தெரியும்? பழுப்புப் புத்தகம்னுதான் சொல்லுவோம்."

"படிவத்துல யாருக்கு டிக் போட்ட?"

பெரிய பதிப்பகத்தின் பெயரைச் சொன்னாள்.

"அவங்க புத்தகம் ஒண்ணாவது எடுத்துப் பாத்திருக்கியா?"

"இல்ல. ஆனா நல்ல பேரு உள்ளவங்கதானே?"

எனக்குச் சுருக்கென்றது. அவளைத் திட்டி என்ன பயன்? உள்ளே முதல் பக்கத்தில் பதிப்பகத்தின் பெயர் இருக்கிறதுதான். பரீட்சை அவசரத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள்? படிக்கப் படிக்கக் கிழிந்தது. கிழியக் கிழிய, பெயர் போட்ட அட்டையை நான் பிய்க்கச் சொன்னேன்.

மறுநாள் மகள் எடுத்து வந்திருந்த நூலகப் பிரதியோடு குழுக் கூட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அறுநூறு பேர் எழுதிக் குடுத்ததை விட்டுட்டு, உங்க ஒருத்தர் பேச்சை எப்படிம்மா எடுத்துக்கறது?" என்றார் குழுத் தலைவர்.

"பேரை மறைச்சதே நாங்கதான் சார்."

"அப்ப தப்பு உங்க மேலதானே?"

ஆமாம். கணக்கெடுத்தவள் என்ற முறையில் நீக்கல் பட்டியலில் கையெழுத்தும் நான்தான் போட வேண்டும். போட்டேன். வெட்கமாக இருந்தது.

வராந்தாவில் தலைவர் பின்னாலேயே வந்தார்.

"ஒரு சின்ன உதவிம்மா. என் தங்கச்சி பொண்ணும் இங்கதான் நர்சிங் படிக்கிறா. ஏதோ பழுப்புப் புத்தகமாம், அது இல்லாம பாஸாக முடியாதுன்னு உயிரை வாங்கறா. ஒண்ணு எடுத்து வைங்களேன்."

என் கையிலிருந்த பிரதியின் முதல் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பதிப்பகத்தின் பெயரைப் படித்தார். தன் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"சரி... அவளுக்கு மட்டும் ஏதாவது பண்ண முடியுமா?"

"பதினெட்டு பேர் காத்திருக்காங்க சார். பத்தொன்பதாவதா எழுதிக்கறேன்."

மேசைக்கு வந்து எழுதிக்கொண்டேன். பிறகு அந்தப் பழுப்பு முதுகில், எண்ணுக்குக் கீழே, பதிப்பகத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். பேனா அழுந்திய இடத்தில் அட்டை கிழிந்தது.