பெற்றவள் வைத்த பேர்

துரைசானி அழுதுகொண்டிருப்பது எதற்காக என்று தெரிந்ததும் கண்ணாயிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பங்களாவின் ஆரஞ்சுத் தோட்டத்தில் நாளெல்லாம் களை வெட்டிவிட்டு, களைக்கொத்தைக் கழுவப் பின்பக்கம் வந்தவள் சன்னல் வழியே அதைப் பார்த்தாள். வெள்ளைக்காரி முழங்காலிட்டு, நாற்காலியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தோள் குலுங்க அழுதாள். சமையல்காரி பொன்னம்மாள் வெளியே வந்து விஷயத்தைச் சொன்னாள். சீமையில் பாதிரியார் படிப்புப் படிக்கும் தாவீதுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் முற்றிவிட்டதாம். மத்தியானமே அடிவாரத்திலிருந்து ஆள் தந்தி கொண்டு வந்தானாம். துரையும் சேலத்துக்குப் போயிருக்க, துரைசானியம்மா அப்போதிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லையாம்.

தாவீது கண்ணாயி பெற்ற பிள்ளை. மத்தியானம் வந்த செய்தி, பெற்றவளிடம் பொழுது சாய்ந்துதான் வந்து சேர்ந்தது. நாலு மரம் தள்ளித்தான் அவள் குனிந்து களை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். அவள் பிள்ளைக்காக அவளுக்கு முந்தியே ஒருத்தி ஆசைதீர அழுதாகிவிட்டது. பொறாமைப்பட இதுவா நேரம் என்று யாரும் கேட்கலாம். அவளும்தான் கேட்டுக்கொண்டாள். வயிறு கேட்கவில்லை, எரிந்தது.

காலில் ஆறாத புண்ணோடு சின்னப் பையனாய் இருந்தவனை வாழவந்தி நாட்டு மலையூரிலிருந்து அவள்தான் முதுகில் சுமந்து வந்து இந்தப் பங்களா வாசலில் இறக்கினாள். மருந்து போட்டு ஆற்றியது துரைசானி. அதை அவள் ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. ஆனால் புண்ணை ஆற்றினவர்கள் பிள்ளையையே எடுத்துக்கொள்வார்கள் என்று யார் கண்டது? புண் ஆறியது, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தான், வேதத்தில் சேர்ந்தான், பேர் மாறிற்று, கடைசியில் கப்பலும் ஏறிவிட்டான். விளக்கு வைக்கும் நேரத்தில் மணியடித்து, துரையும் துரைசானியும் அவனுக்காக ஜெபம் செய்வார்கள். வேலை முடிந்த பிறகும் கண்ணாயி வேலியோரம் நின்று கேட்பாள். 'சீமையில் படிக்கும் எங்கள் மகன் தாவீது' என்று வரும். அந்த 'எங்கள்' அவள் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றும். அவன் படிப்புச் செலவுக்காகத் துரைசானி தேத்தண்ணீரில் சர்க்கரை போடுவதையே விட்டுவிட்டாள் என்று பொன்னம்மாள் சொல்லி மாய்ந்தபோது, கண்ணாயிக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவள் ஊட்டில் விடுவதற்கு என்ன சர்க்கரை இருக்கிறது?

அவளுக்கு இருந்த ஒரே சமாதானம் அவன் பழைய பேர்தான். அவனுக்கு முன் பிறந்த இரண்டும் பால்குடி மறக்குமுன்பே போய்விட்டன. அதனால் இவன் பிறந்ததும் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி, பக்கத்து ஊட்டுக்காரிக்குத் தவிட்டுக்கு விற்று, திரும்ப வாங்கி, குப்பன் என்று பேர் வைத்தாள். குப்பைதானே என்று எமன் தாண்டிப் போய்விடுவான். அப்படித்தான் போனான். துரைசானிக்கு அந்தப் பேர் ஆகவில்லை. ஆண்டவர் படைத்த பிள்ளை எவனும் குப்பையில்லை என்று சொல்லி, வேதத்தில் வரும் தாவீது ராசாவின் பேரை எடுத்து வைத்தாள். அன்று பல்லைக் கடித்த கண்ணாயி, பிற்பாடு அதிலேயே ஒரு கள்ளச் சந்தோஷம் கண்டுபிடித்தாள். துரைசானியின் ஜெபமெல்லாம் யாரோ ஒரு தாவீதுக்குத்தான் போகும். தான் எட்டுக்கை அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலோ குப்பன் பேருக்கு, நேரே தன் மகனுக்கு. வேலியோரம் நின்று அவள் இத்தனை வருஷமும் உள்ளுக்குள் சிரித்தது இதற்காகத்தான்.

இன்று அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று? ராசா பேரைச் சூட்டிக் கடல் தாண்டி அனுப்பினால் எமன் பார்க்காமல் இருப்பானா? குப்பையில் ஒளித்து வைத்ததை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் வைத்தவள், இப்போது அழவும் செய்கிறாள். கண்ணாயி காலில் ஒட்டிய சேற்றோடு, இதுவரை மிதித்தறியாத அந்தக் கூடத்துக்குள் விறுவிறுவென்று போனாள்.

"எம்பட பையனுக்கு நீங்க எதுக்குங்க அழுவறீங்க?"

துரைசானி நிமிர்ந்தாள். மூக்கும் கண்ணும் சிவந்து வீங்கியிருந்தன. வேதப் புத்தகத்தில் படித்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்: "கண்ணாயி, நானும் அவனுக்குத் தாயைப் போல அல்லவா?"

"போலத்தானுங்க."

அதற்குமேல் கண்ணாயியால் அடக்க முடியவில்லை. செத்த பிள்ளைகளையும் குப்பைமேட்டையும் தவிட்டையும் ஒன்றுவிடாமல் கொட்டினாள். அவனுக்கு முன் இரண்டு பிள்ளைகள் இருந்ததே துரைசானிக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

"பெரிய பேரா வெச்சு எமனுக்குக் காட்டிக் குடுத்துட்டீங்க. உங்க சாமிகிட்ட கேக்கறதுன்னா குப்பன்னு சொல்லிக் கேளுங்க. அந்தப் பேர்லதான் அவன் பொழச்சான்."

வேறொரு நாளாக இருந்தால் துரைசானி இதற்கு ஒரு பிரசங்கமே செய்திருப்பாள். இன்று கண்ணை மூடிக்கொண்டு கைகளைக் கோத்தாள். "கர்த்தாவே, குப்... குப்பனை நினைத்தருளும்" என்றாள். நாக்கு தடுக்கியது. கண்ணாயிக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த வாய்க்கு இந்தப் பேர் எப்படி வரும்? ஆனால் துரைசானி விடவில்லை. மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். சொல்லச் சொல்லத் தடுக்கல் போய்விட்டது. பேரில் ஈரம் ஏறியது. "எங்கள் குப்பன், ஆண்டவரே, எங்கள் குப்பன்" என்று அவள் கெஞ்சியபோது, பெற்றவள் கூப்பிடுவதற்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கண்ணாயிக்கு இருந்தது அந்த ஒரு பேர்தான். அதையும் தானே கொண்டுவந்து துரைசானி கையில் கொடுத்துவிட்டாள். நிறுத்துங்கள் என்று சொல்லலாம். நிறுத்தினால் பிள்ளை?

முழங்காலிடத் தெரியாமல் அவள் தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். எந்தச் சாமியையும் அழைக்கவில்லை. சாமைக் காட்டில் நின்றுகொண்டு எதிர்ச்சரிவில் மாடு மேய்ப்பவனைச் சோற்றுக்குக் கூப்பிடும் குரலில், "குப்பா, டேய் குப்பா" என்று கத்தினாள். துரைசானியின் குரல் அதற்குள் அமுங்கிப் போயிற்று. ஒரு கணம்தான். பிறகு அதுவும் ஏறியது. கண்ணாயி இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். விளக்கை ஏற்றிக்கொண்டு வந்த பொன்னம்மாள், இரண்டில் எது முதலில் ஓயும் என்று தெரியாமல் வாசற்படியிலேயே நின்றாள்.