அறுபத்துநான்கு கிலோ

மணல்மூட்டை முட்டிக்கு மேல் வந்தது. மடியில் ஒரு மூச்சு தங்கியது. பிறகு இடுப்பை வெட்டி எழுந்தாள், தோளுக்குப் போய்விட்டது. கட்டிலில் படுத்தபடி மாஸ்டர் எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. முதுகு வளையுது. மூணு. மூஞ்சிய ஏன் அப்படி வச்சிருக்க? மூட்டைக்கு உன்மேல ஒரு கோவமும் கெடையாது."

"பேசாம எண்ணுங்க."

பத்தில் இறக்கினாள். மணல் சரிந்து அடங்கியது. மணி ஆறரை. எட்டரைக்கு அவள் கண்ணாடிக் கடையில் இருக்க வேண்டும். அங்கே லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. அரை மில்லிமீட்டர் கூடினால் விரலுக்குத் தெரிந்துவிடும். கிலோக்கணக்கு அவளுக்குப் பழக்கமில்லாதது.

ஊரே மாஸ்டர் என்று கூப்பிட்டதால் அவளுக்கும் கணவன் மாஸ்டராகிப் போனார். பதினேழு வருடம் ஒரு வாடகைக் கூடத்தில் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தவர். எடைப்பயிற்சிக்கான இரும்புத் தட்டுகளை அவர் வாங்கியதே இல்லை. இரும்பு சொன்ன பேச்சைக் கேட்கும், மணல் கேட்காது, எதிராளியும் கேட்கமாட்டான் என்பார். பதினாறு மாதத்துக்கு முன்பு கூடத்தின் உத்தரத்தில் கயிறு கட்ட ஏணியில் ஏறினார். ஏணி வழுக்கியது. கழுத்தெலும்பில் அடி. இப்போது கால்கள் இல்லாத மாதிரி. கைகள் தோள்வரை வரும், விரல்கள் மடங்காது.

அவரைத் தூக்கிக் குளிக்கவைக்க ஓர் உதவியாளர் வந்துகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது மனிதர். முதுகு விட்டுப்போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் அமையவில்லை. மதியச் சாப்பாட்டை இனி மாடிவீட்டு அம்மா ஊட்டிவிடுவாள். தூக்குவதற்குத்தான் ஆள் வேண்டும்.

முன்பொரு நாள் அவள் தனியாக இருக்கும்போது அவர் நாற்காலியிலிருந்து நழுவி விழுந்தார். நான்கு மணி நேரம் தரையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செய்தி நாத்தனார் காதுக்குப் போயிற்று. நாத்தனார் இருப்பது ஓர் இரவுப் பயணத் தூரத்தில். மாடு மாதிரி இரண்டு மகன்கள். தம்பியைத் தன்னிடமே அனுப்பிவிடச் சொன்னாள். கடையை விட்டுவிட்டு இவளால் கூடப் போக முடியாது.

"கண்ணாடி தேய்க்கிற கையிது. இத வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணுவ?" என்றாள் போனில். "தரையிலேருந்து நீ ஒருத்தியா அவனத் தூக்கிக் கட்டில்ல போட்டுடு. அப்புறம் நான் வாயத் தொறந்தா ஏன்னு கேளு."

அன்றிலிருந்து ஐந்து மாதம். முதலில் அரை மூட்டை. பிறகு ஒரு மழைவாரத்தில், பக்கத்தில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு மணல் அள்ளிவந்து முழுதாக நிரப்பினாள். பழைய பேப்பர் கடைத் தராசில் அறுபத்துநான்கு. மருத்துவமனைச் சீட்டில் மாஸ்டரின் எடையும் அதுதான். மூன்று வாரம் மூட்டை தரையை விட்டு எழவில்லை. நான்காவது வாரம் எழுந்தது. போன வாரம் தோளுக்கு வந்தது. வரும் ஞாயிறு, அவள் தூக்குவதைப் பார்க்க நாத்தனார் வருகிறாள்.

புதன்கிழமை காலை, வாசலில் செருப்பைக் கழற்றும்போது உதவியாளர் குரலைத் தாழ்த்தினார்.

"மாஸ்டர் சொல்லக் கூடாதுன்னாரு. இருந்தாலும் மனசு கேக்கலம்மா. ரொம்ப எளச்சுட்டாரு. மத்தியானம் மூணு வாய், அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறாரு."

இரவில் அவள் ஊட்டும்போதும் 'பசிக்கல' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். படுத்தே கிடப்பவருக்குப் பசி எங்கே வரும் என்று அவளும் விட்டிருந்தாள். சட்டைக்குள் அவர் எப்படி இருக்கிறார் என்று யோசித்தாள். தெரியவில்லை. குளிக்கவைப்பது உதவியாளர்.

பிறகு மூட்டையைப் பார்த்தாள். நிரப்பிய அன்று வாய்கட்டத் துணி போதவில்லை. இப்போது கட்டுக்குக் கீழே ஒரு சாண் துணி தொய்ந்து கிடந்தது. தையலைத் தடவிப் பார்த்தாள். எங்கும் பிரியவில்லை.

கடைக்கு நேரமாகும் என்று சொல்லியனுப்பினாள். மூட்டையைத் தோளில் போட்டுத் தெருமுனை வரை நடந்தாள். தராசுக்காரன் எடைபோட்டு, ஐம்பத்தேழு என்றான். மறுபடி போடச் சொன்னாள்.

"நூறு தடவ போட்டாலும் அதான்க்கா. தராசு பொய் சொல்லாது."

ஏழு கிலோ. அத்தனையும் தண்ணீர். ஈரமணலை நிறுத்து, காய்ந்த மணலைத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். பலம் வந்தது கொஞ்சம், மணல் காய்ந்தது மிச்சம்.

திரும்பிவந்து மூட்டையைக் கட்டிலருகே போட்டாள்.

"அம்பத்தேழு," என்றாள்.

மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியும்."

"சத்தம் மாறிடுச்சு. முன்ன தொப்புன்னு விழும். அப்புறம் சரசரன்னு விழுந்துச்சு."

"சொல்லலையே."

"முட்டிக்கு மேல வந்த அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் எங்க சொல்றது?"

"அதுக்காகப் பட்டினி கெடந்தீங்களா? மூட்ட எறங்க எறங்க நீங்களும் எறங்கிட்டே வந்தீங்களா?"

"பட்டினியெல்லாம் இல்ல. எடை எறக்குறது எனக்கென்ன புதுசா? போட்டிக்கு முன்னாடி பத்து நாள்ல ஆறு கிலோ எறக்குனவன் நான்."

"போட்டி முடிஞ்சதும் உக்காந்து தின்னீங்க. இது என்னிக்கு முடியும்?"

உதவியாளர் சமையலறையில் ஏனத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அங்க போக வேணாம்," என்றார் மாஸ்டர். பதினாறு மாதத்தில் அவர் வேண்டும் வேண்டாம் என்று சொன்ன முதல் பேச்சு.

அவள் தட்டில் போட்டு வந்தாள். கடைசி வாய்வரை ஊட்டினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அன்று மாலை ஏழு கிலோ காய்ந்த மணல் வாங்கி மூட்டையில் கொட்டினாள். வியாழன், முட்டிவரை வந்தது. வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை இடுப்புக்கு வந்து நின்றது. தோளுக்குப் போக மறுத்தது.

"கட்டில் ஒசரம் இடுப்புக்குக் கீழதான்," என்றார் மாஸ்டர். "தோளு தேவையில்ல."

ஞாயிறு பத்து மணிக்கு நாத்தனார் வந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். தம்பியின் கன்னத்தைத் தொட்டுப்பார்த்தாள்.

"என்னடா இப்படி ஈர்க்குச்சியா கெடக்க? இவ சோறு போடுறாளா இல்லையா?"

"கொறச்சுட்டாரு, அண்ணி. நான் சுலபமா தூக்கணும்னு. நாலு நாளாத்தான் சாப்பிட வச்சிருக்கேன்," என்றாள் அவள். "இன்னும் ஏறுவாரு. ஏறுனாலும் நான்தான் தூக்கணும்."

நாத்தனார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "புருஷன் பொண்டாட்டி ரெண்டும் லூசு," என்றாள். குரலில் சூடு இல்லை.

உதவியாளர் மாஸ்டரைத் தரையில் கிடத்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் குந்தினாள். அக்குளுக்கடியில் கைகொடுத்து, முதுகுக்குப் பின்னால் மணிக்கட்டைப் பூட்டினாள். மணலுக்கு விலா எலும்பு கிடையாது. ஐந்து மாதத்தில் கட்டிப்பிடித்தது எதுவும் இப்படிச் சூடாக இருந்ததில்லை. மடிக்கு இழுத்தாள். வந்தார். தலை அவள் கழுத்தில் சாய்ந்தது. எழுந்தாள். இடுப்புக்கு வந்தார். ஆனால் கால்கள் தனியாக, வேறு யாருடையதோ போல, பின்னால் கிடந்தன. அவற்றையும் சேர்த்துத் திரும்ப வேண்டும். ஓரடி திரும்பினாள். விரிப்பில் அவர் குதிகால் சிக்கியது. அவளுடைய வலது முட்டி மெதுவாக மடங்கிக் கீழே போயிற்று.

மூட்டையாக இருந்தால் இந்நேரம் விட்டிருப்பாள்.

அவரைத் தொடைமேல் தாங்கிக்கொண்டு ஒரு முட்டியில் நின்றாள். கட்டில் இரண்டு சாண் தூரம். மாஸ்டர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். அதனால் எடை குறையும் என்பது போல.

"மூச்ச விடுங்க," என்றாள்.

விட்டார். அவள் காது சுட்டது.

நாற்காலி கிறீச்சிட்டது. கைப்பை தரைக்குப் போனது. "ஒருத்தியாத்தான் தூக்கணும்னு சொன்னேன்," என்றாள் நாத்தனார், யாரிடமும் இல்லாமல். சொல்லிக்கொண்டே புடவையைச் செருகிக் குனிந்தாள். விரிப்பை விலக்கினாள். தம்பியின் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்தாள். ஒரு காலத்தில் காய்ப்பு ஏறிக் கல்லாக இருந்த பாதங்கள். இப்போது வெளுத்து, நடக்காத குழந்தையின் பாதம் போல மழமழவென்றிருந்தன. அவற்றைப் பார்த்தபடியே இருந்தாள்.

"எப்பன்னு சொல்லு," என்றாள் கடைசியில்.

மூவரும் தரையில் இருந்தார்கள். கட்டிலின் விளிம்பு, மாஸ்டரைத் தாங்கியிருந்தவளின் கண்ணெதிரே இருந்தது.