உள்ளங்கையில் ஒரு சொட்டு

கத்தரிக்காயை வாணலியில் போட்டதும், தெறித்த எண்ணெய்க்குப் பயந்து லிஃப்ட் மெக்கானிக் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடமாகப் பத்தாவது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேலை பார்க்கிற கை அது. ஆனால் அடுப்பங்கரையில் அவர் கற்றுக்குட்டி. மூன்று மாதம் முன்புவரை வெந்நீர் வைத்ததையே வீரச்செயலாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர்.

எல்லாம் மனைவிக்காக. அவளுக்கு வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. திரும்பி வரும் என்றார் டாக்டர். எப்போது என்று சொல்லவில்லை. அக்கம்பக்கமெல்லாம் பக்குவம் கேட்டு வருமே, அப்படிச் சமைத்தவள். குழம்பில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, ஒரு சிட்டிகை உப்பைத் தூவி இறக்கினால் அப்புறம் பேச்சே இல்லை. இப்போது சமையலையே விட்டுவிட்டாள். எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு தட்டை ஒதுக்குகிறாள். இளைத்த கையில் வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிறது.

நாக்கு போனால் என்ன, பல் இருக்கிறதே என்று மெக்கானிக் மூளை வேலை செய்தது. பழுது எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில், கடித்தால் மொறுமொறுக்கிற காய்களாகப் பட்டியல் போட்டார். வெண்டைக்காய், முறுகலாக. வாழைக்காய், மெல்லிசாகச் சீவி. வெள்ளரிக்காய், குளிர்ந்த தயிரில், மேலே வறுத்த வேர்க்கடலை. எல்லாவற்றுக்கும் அவள் "நல்லா இருக்குங்க" என்றாள். அவரும் டிக் போட்டுவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

கத்தரிக்காய் வறுவலுக்கும் அதே பதில். "நல்லா இருக்குங்க. மொறுமொறுன்னு."

அவரும் ஒரு துண்டை வாயில் போட்டார். போட்டதும் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

"உப்ப ரெண்டு தடவ போட்டுட்டேன். அது உனக்குத் தெரியாது, சரி. கூழாக் குழைஞ்சு கிடக்கே, இதுல எங்க மொறுமொறுப்பு?"

அவள் தலை குனிந்தாள். "வேலை விட்டு வந்து கால் கடுக்க நிக்கிறீங்க. அந்த முகத்தப் பார்த்துக்கிட்டு எப்படி நல்லா இல்லன்னு சொல்றது?"

"அப்ப இத்தன நாளும்?"

"வெள்ளரிக்கா மட்டும் நிஜமாவே பிடிச்சுது. சில்லுன்னு இருந்துச்சு. மத்ததெல்லாம் உங்களுக்காக முழுங்கினேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன்னைச் சாப்பிட வைக்க அவர் பட்ட பாட்டுக்கு, அவள் பசியில்லாமல் விழுங்கி ஈடு கட்டியிருக்கிறாள். நோட்டைத் திறந்து, வெள்ளரிக்காயைத் தவிர எல்லா டிக்கின் மேலும் குறுக்கே கோடு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைக்கத் துணிந்தார். கடுகைப் போட்டதுதான் தாமதம், உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"எண்ணெய் காயல. கடுகு முனகுது, கேக்கலையா?"

அவருக்குக் கேட்டது. கீழே நின்றபடியே மேலே ஓடுகிற மோட்டாரின் கோளாறைச் சொல்கிற காதாயிற்றே. இதை ஏன் இத்தனை நாள் கேட்காமல் போனோம் என்று வெட்கமாக இருந்தது. தீயைக் கூட்டினார். கடுகு படபடவென்று வெடித்தது.

"இப்ப வெங்காயம்," என்றபடி அவளே வந்துவிட்டாள். "தள்ளுங்க."

மூன்று மாதத்துக்கு அப்புறம் அவள் கையில் கரண்டி. அவர் ஓரமாக நின்றார். வெங்காயத்தின் சத்தம் அடங்கியதும் காயைச் சேர்த்துப் புளித்தண்ணீர் ஊற்றினாள். கொதியின் சத்தம் தடித்ததும் தீயைக் குறைத்தாள். பழக்கதோஷத்தில் ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டுக்கொண்டு வாயருகே கொண்டுபோனவள், அப்படியே நின்றுவிட்டாள். கண் கலங்கியது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அவர் கையைப் பிடித்துத் திருப்பி, கிரீஸ் ஏறிக் கறுத்த ரேகைகளுக்கு நடுவே ஒரு சொட்டு விட்டாள்.

"பாருங்க. பொய் சொல்லக்கூடாது."

நக்கிப் பார்த்தார். "உப்பு பத்தல."

"எவ்வளவு?"

அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. அவள் விரலிடுக்கில் உப்பை அள்ளி, சட்டியைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்சமாகத் தூவினாள். கிளறினாள். அவர் மறுபடியும் கையை நீட்டினார்.