அண்ணி கேட்டும் சொல்லாத எண்

அண்ணி நடத்தும் அழகு நிலையத்தில் அவளுடைய இரண்டு கைகளும் தலைச்சாயத்தில் இருக்கும்போதுதான் போன் அடிக்கும். பக்கத்தில் இருப்பவர் அதை எடுத்துப் பேச வேண்டும், வந்த செய்தியை உரக்கப் படிக்க வேண்டும். அதுதான் கடை வழக்கம். வாடிக்கையாளர்கள்கூடச் சலிக்காமல் படிப்பார்கள்.

அன்று பக்கத்தில் இருந்தது அண்ணியின் நாத்தனார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பவள். அண்ணி அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். போன் அடித்ததும் நாத்தனார் அதை ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கடையோட ஆன்லைன் பக்கத்து மேல புகார் வந்திருக்கு மேடம். சரிபார்க்கலைன்னா இப்பவே மூடிடுவோம். ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க," என்றான் ஒருவன், தேனொழுக.

சாயம் பூசுவதை அண்ணி பாதியில் நிறுத்தினாள். அவள் செய்த மணப்பெண் அலங்காரங்களின் படமெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஆட்கள் தேடி வருவதும் அதைப் பார்த்துத்தான். அது போனால் பிழைப்பே போய்விடும்.

செய்தி வந்தது. "படிம்மா," என்றாள்.

நாத்தனார் படித்தாள், மனதுக்குள். "கை கழுவிட்டு வாங்க அண்ணி."

"சாயம் பாதியில நிக்குது. நம்பரைச் சொல்லித் தொலையேன்."

"சீக்கிரம் மேடம், நேரம் முடியப்போகுது," என்று விரட்டினான் அவன்.

நாத்தனார் அவன் அழைப்பைத் துண்டித்துவிட்டு, போனை அண்ணியின் கண்ணுக்கு நேரே நீட்டினாள். 'புதிய கருவியிலிருந்து உங்கள் கணக்கைத் திறக்க முயற்சி நடக்கிறது. இந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றிருந்தது.

"உங்க பாஸ்வேர்டு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணி. கடைப் பேரையே வச்சிருக்கீங்களே. இந்த ஓடிபி கிடைக்காததாலதான் இன்னும் வெளிய நிக்கறான்."

அங்கே அவன் விரட்டல், இங்கே தன் அதட்டல்; நடுவில் இந்தப் பெண் துளியும் அசையாமல் நின்றதை நினைக்க நினைக்க அண்ணிக்கு மலைப்பாக இருந்தது. கை கழுவி, பாஸ்வேர்டை மாற்றிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

பாதித் தலை கறுப்பாக உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், "நானா இருந்தா படிச்சே குடுத்திருப்பேன்," என்றார்.

"நானும்தான்," என்ற அண்ணி, நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஓடிபியைக் கேக்கறவன் எவனா இருந்தாலும் உள்ள நுழையத்தான் கேக்கறான். இனிமே நானே கேட்டாலும் யாரும் படிக்காதீங்க. சாயம் காஞ்சாலும் பரவாயில்லை, கையைக் கழுவிட்டு வந்து நானே பாத்துக்கறேன்."