சகலையோட அளவு

மாமனார் பட்டறையில ரெண்டு சின்ன லேத்து. ஜன்னல் பக்கம் நிக்கிறது மூத்த மாப்பிள்ளையோடது, சுவர் பக்கம் நிக்கிறது இளைய மாப்பிள்ளையோடது. நமக்குச் சுலபமா இருக்க பெரியவன், சின்னவன்னே வச்சுக்குவோம். அக்காவை இவன் கட்டினான், தங்கச்சியை அவன் கட்டினான். ஆக ரெண்டு பேரும் சகலைங்க.

பெரியவன் பட்டறைக்கு வந்து எட்டு வருஷம். சின்னவன் வந்து எட்டு மாசம். இதைப் பெரியவன் மனசுக்குள்ள ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது சொல்லிக்குவான். சொல்லும்போதெல்லாம் கொஞ்சம் தெம்பு வரும். அப்புறம் சின்னவன் லேத்துப் பக்கம் கண்ணு போகும், வந்த தெம்பு போயிடும்.

மாமாவுக்கு அடுத்த மாசம் கண்ணு ஆபரேஷன். ஆறு வாரம் இரும்புத் தூசி பக்கமே தலை காட்டக்கூடாதுன்னு டாக்டர் கறாரா சொல்லிட்டாரு. அந்த ஆறு வாரம் பட்டறைச் சாவி யார் கையில? மாமா வாயே திறக்கல. பெரியவனுக்குச் சோறு இறங்கல.

இதுக்கு நடுவுல வந்துச்சு அந்த ரெண்டு டூல் போஸ்ட்.

லேத்துல இரும்பைச் சீவுற உளிக்கு டூல்னு பேரு, அதைத் தாங்கிப் பிடிக்கிறது டூல் போஸ்ட். டூலோட முனை, சுத்துற இரும்போட நட்டநடு மையத்துக்கு நேரா நிக்கணும். மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் வேலை கெட்டுப்போகும். அதுவரைக்கும் ஒவ்வொரு டூல் மாத்தும்போதும் அடியில தகரத் துண்டு வச்சு வச்சு, எடுத்து எடுத்து, பாதிப் பொழுது அதுலயே போகும். புதுசா வந்த போஸ்ட்டுல அந்த வம்பு இல்ல. டூலை ஒரு ஹோல்டர்ல மாட்டி உயரத்தை ஒரே தடவை வச்சுட்டா போதும். ஹோல்டர் முதுகுல பள்ளமா ஒரு காடி இருக்கும், வாய் குறுகி உள்ளே விரிஞ்சு; போஸ்ட்டுல அதுக்குப் பொருந்துற மாதிரி ஒரு மேடு. அதை மேலேருந்து போஸ்ட்டுல இறக்கி, கைப்பிடியைத் திருப்பினா இறுகிக்கும். டூல் மாத்த அரை நிமிஷம் கூட ஆகாது.

மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலேருந்து மாமா ரெண்டு போஸ்ட் வாங்கிட்டு வந்தாரு. ஹோல்டர் ஒண்ணு கூட இல்ல. ஒரு போஸ்ட் பளபளன்னு இருந்துச்சு. இன்னொண்ணு துருப்பிடிச்சு, மழையில கிடந்த மாதிரி.

"மூத்தவர் முதல்ல எடுங்க மாப்பிள்ள," அப்படின்னாரு மாமா.

பெரியவன் பளபளப்பை எடுத்துக்கிட்டான். சின்னவன் துருவைத் தூக்கிட்டுச் சிரிச்சுக்கிட்டே போனான். அவன் சிரிச்சதும் பெரியவனுக்குப் பிடிக்கல.

பத்தே நாள்தான். சின்னவன் பழைய இரும்புக் கட்டைங்களைத் தேடி எடுத்து, காடி வெட்டி, கையாலேயே மூணு ஹோல்டர் செஞ்சு வரிசையா வச்சுட்டான். பட்டறையில காடி வெட்டுற மில்லிங் மெஷின் கிடையாது. கட்டையை லேத்து மேலயே இறுக்கிக் கட்டி, வெட்டுற கட்டரை, இரும்பைப் பிடிச்சுச் சுத்துற சக்குல மாட்டி ஓட்டியிருக்கான். ஹோல்டர் போஸ்ட்டுல இறங்குறதைப் பாக்கணுமே. தட்டவும் வேண்டாம், ஆட்டவும் வேண்டாம். தன்னால வழுக்கி இறங்கி, சத்தமில்லாம உக்காந்துக்கும்.

மாமா அதை ஏத்தி இறக்கி, ஏத்தி இறக்கிப் பாத்தாரு. "கையா மாப்பிள்ள இது, இல்ல..." அப்படின்னாரு. அதோட நிறுத்திக்கிட்டாரு. எட்டு வருஷத்துல பெரியவனைப் பாத்து அந்த அரை வாக்கியம் கூடச் சொன்னதில்ல.

வீட்டுக்குப் போனா அங்கயும் அதே பேச்சு.

"தங்கச்சி போன் பண்ணா. அவரு ஏதோ ஹோல்டர் செஞ்சாராமே? அப்பா தூக்கி வச்சுப் பேசினாராம்," அப்படின்னா பொண்டாட்டி.

"ஆமா, பெரிய ராக்கெட்டு விட்டுட்டான்."

"நீங்களும் செய்யுங்களேன். அவர்கிட்ட கேட்டா சொல்லித் தரமாட்டாரா?"

"நான் போயி அவன்கிட்டக் கேக்கவா? எட்டு வருஷம் நான் என்ன புல்லு புடுங்குனேனா?"

"புகையுது," அப்படின்னா அவ.

இவன் எழுந்து அடுப்பைப் பாக்கப் போனான்.

"அடுப்புல ஒண்ணும் இல்லீங்க. உங்க காதுல," அப்படின்னு சொல்லிட்டு அவ துணி மடிக்கப் போயிட்டா.

மறுநாள் மத்தியானம் சின்னவன் சாப்பிடப் போன நேரம். பெரியவன் அவன் பெஞ்சுலேருந்து ஒரு ஹோல்டரை எடுத்தான். காடியோட ரெண்டு மூலையிலயும் உருளைப் பின் ஒண்ணொண்ணு வச்சு, ரெண்டுக்கும் நடுவுல காலிப்பரை விட்டு அளந்தான். ஆழம், அகலம், திருகு ஓட்டை ஒண்ணு விடல. எல்லாத்தையும் ஒரு சீட்டுல குறிச்சுக்கிட்டு, ஹோல்டரைப் பழையபடி வச்சான். திருடின மாதிரி வாசலை ஒரு தடவை எட்டிப் பாத்தான். ஒரு அளவுதானே, அளவுக்கு என்ன சொந்தக்காரன் அப்படின்னு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கிட்டான்.

அவன் திட்டம் இதுதான். சின்னவன் மூணு. இவன் ஆறு. ஒரே நாள்ல ஆறையும் மாமா கண்ணு முன்னாடி வரிசையா வைக்கணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது.

எதிர்த் தெருவுல சிநேகிதன் ஒருத்தன் மில்லிங் கடை வச்சிருந்தான். ரெண்டு வாரம், பட்டறை திறக்கிறதுக்கு முன்னாடி, விடிஞ்சும் விடியாமலும் அங்க போயி நின்னான் பெரியவன். ஒவ்வொரு காடியும் சீட்டுல இருந்த அளவுக்கு நூல் பிசகாம வந்துச்சு. ஓரமெல்லாம் அரம் போட்டு மழுக்கி, சூடாக்கி எண்ணெயில முக்கிக் கருப்பு ஏத்தினான். கடையில வாங்கினது கூட அப்படி இருக்காது.

"போஸ்ட்டைக் கழட்டிக் கொண்டாடா. ஒண்ணையாவது போட்டுப் பாத்துடலாம்," அப்படின்னான் சிநேகிதன்.

"கழட்டினா தெரிஞ்சு போயிடும். ரெண்டு போஸ்ட்டும் ஒரே கம்பெனி, ஒரே சைஸு. அதுல ஏறினா இதுலயும் ஏறும்."

"உன் இஷ்டம்பா."

திங்கக்கிழமை காலையில ஆறையும் துணியில சுத்திக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்துல வரிசையா வச்சான். மாமா வந்தாரு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பாத்தாரு. சின்னவனும் கையைத் துடைச்சுக்கிட்டே வந்து நின்னான்.

"யப்பா, ஆறா? எப்ப சகலை செஞ்சீங்க?" உண்மையாவே அசந்துட்டான்.

பெரியவனுக்குக் கால் தரையில இல்ல. முதல் ஹோல்டரை எடுத்து, போஸ்ட்டு மேல வச்சு, விரல் நுனியால அழுத்தினான்.

இறங்கல.

தூசி இருக்கும்னு துடைச்சுட்டு அழுத்தினான். இறங்கல. ரெண்டாவதை எடுத்தான். மூணாவதை எடுத்தான். வாயிலயே நிக்குது, உள்ள போக மாட்டேங்குது. ஆறாவது வர்றதுக்குள்ள சட்டை முதுகோட ஒட்டிப்போச்சு.

மாமா கையை நீட்டினாரு. ஒரு ஹோல்டரைக் கையில வாங்கினாரு. மெதுவா சுவர் பக்கம் நடந்து போயி, சின்னவன் போஸ்ட்டு மேல வச்சு, கையை விட்டாரு. அது தன்னால வழுக்கி இறங்கி, சத்தமில்லாம உக்காந்துச்சு.

சின்னவனுக்கு உடனே புரிஞ்சுபோச்சு. முகத்துல தெரிஞ்சுது. ஆனா சொன்னது வேற.

"சகலை எனக்குத்தான் செஞ்சிருக்காரு போல மாமா. ஒரு வார்த்தை சொல்லவே இல்ல பாருங்க."

அவன் திட்டியிருந்தா பெரியவன் தாங்கியிருப்பான்.

மாமா சின்னவன் பக்கம் திரும்பவே இல்ல. கருப்பு ஏத்தின ஓரத்தைக் கட்டை விரலால தடவிக்கிட்டே, "வேலை சுத்தம். இவ்வளவு சுத்தமா நான் கூடச் செஞ்சதில்ல. வேலை உங்களோடது மாப்பிள்ள. அளவு யாரோடது?" அப்படின்னாரு.

பெரியவன் தரையில கிடந்த இரும்புச் சுருளைப் பாத்தான்.

"சொந்த லேத்தை அளக்காம பக்கத்து லேத்தை அளந்தா இப்படித்தான். சாவி இந்தத் தடவை சின்னவர்கிட்ட இருக்கட்டும்." சாவியைச் சின்னவன் கையில கொடுத்துட்டு, "ஒம்போது ஹோல்டர் ஒரே அளவுல இருக்கு. அதை வீணாக்க வேண்டாம். உங்க போஸ்ட்டைத் தேச்சு அந்த அளவுக்குக் கொண்டுவாங்க. ரெண்டு லேத்துக்கும் பொதுவா ஓடும்," அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அதாவது அந்தப் பளபளப்பை. இவன் முந்திக்கிட்டு எடுத்த பளபளப்பை.

சாயங்காலம் பெரியவன் போஸ்ட்டைக் கழட்டி பெஞ்சுல வச்சான். அளந்தான், துடைச்சான், திரும்ப அளந்தான். சுவர் பக்கம் சின்னவன் தூசியை ஊதிக்கிட்டே பெஞ்சைக் கூட்டிக்கிட்டு இருந்தான். பட்டறைச் சாவி அவன் இடுப்புல தொங்குது. சாவி ஆடுற சத்தம் இவனுக்குக் காதுக்குள்ள விழுந்துக்கிட்டே இருந்துச்சு.

கடைசியா, திரும்பிப் பாக்காமலே கேட்டான்.

"துருவை எடுக்க எவ்வளவு தேச்ச?"

"பக்கத்துக்குப் புள்ளி ஒண்ணு அஞ்சு மில்லி. ரொம்ப அரிச்சிருந்துச்சு சகலை, அதான் என் போஸ்ட் இளைச்சுப்போச்சு. கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

"தெரியும். அதான் கேக்கல," அப்படின்னு சொல்லிட்டுப் பெரியவன் தேய்ப்புக் கல்லை எடுத்தான்.