சுவரோரப் பள்ளம்

அந்தக் கண்ணாடிக் கதவை ஒரே விரலால் தள்ளித் திறக்கலாம் என்று ஊர் முழுக்கப் பெருமையடித்தவள் நான்தான். ஜூன் மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு, ரோவீனா அதை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஜோஸ், இன்னிக்கு இது ஏன் இப்படி அடம் பிடிக்குது?"

"மூணு வாரமா மழை. சட்டம் ஊதியிருக்கும்," என்றேன்.

சட்டம் அலுமினியம். மழைக்கு அலுமினியம் ஊதாது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஆனால் முற்றத்தில் நாற்பது பேர் தேநீருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ரோவீனாவுக்கு யோசிக்க நேரமில்லை. ஒரு தட்டு கேக்கோடு உடம்பை ஒருக்களித்து வெளியே வந்தார். கதவு அவருக்குப் பின்னால் அரைகுறையாகத் திறந்தபடி நின்றுவிட்டது. எனக்கு நேரம் இருந்தது. நான்தான் யோசிக்க விரும்பவில்லை.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கும் எங்கள் கிராமத்தில் வருடத்தில் ஒரு நாள் எல்லோரும் தோட்டத்தைத் திறந்துவிடுவோம். வெளியூர்க்காரர்கள் வந்து வீடு வீடாகப் பார்த்து, கேக் தின்று, நம் ரோஜாவைவிடத் தங்கள் ரோஜா உசத்தி என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அந்த வருடம் எல்லோரும் பார்க்க வந்தது ரோவீனா நார்த்காட்டின் முற்றத்தை. நானூறு வருடத்து மண்சுவர் வீடு. மண்ணையும் வைக்கோலையும் சேர்த்து மிதித்துக் கட்டிய மூன்றடிக் கனச் சுவர், மேலே தடித்த கூரை. அந்தச் சுவரில் அகலமாக வாசல் வெட்டிப் பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவு வைத்து, சமையலறைத் தரையும் முற்றமும் ஒரே மட்டத்தில் ஓடும்படி செய்தது நான். வீடுகளையும் தோட்டங்களையும் சேர்த்து வடிவமைப்பது என் தொழில். பழைய வீட்டின் முகம் மாறாமல் புதுசாக வாழ வைப்பேன் என்று என் முகவரி அட்டையிலேயே அச்சடித்திருக்கிறேன்.

ஒரே மட்டம் என்பது வெறும் அழகுக்காக இல்லை. ரோவீனாவின் கணவர் டென்சிலுக்கு மூன்று வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. முப்பது வருடம் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்ட மனிதர், சக்கர நாற்காலியில். முற்றம் அப்போது ஒன்றரை அடி தாழ்வாக இருந்தது. நடுவில் இரண்டு படிக்கட்டு. அந்த இரண்டு படியால் அவர் தன் வீட்டு ஆப்பிள் மரத்தைக்கூட ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். அதனால் முற்றத்தை உயர்த்தினேன். அது வரைக்கும் தப்பில்லை.

தப்பு வேறு இடத்தில். மண்சுவர் வேலை தெரிந்த கொத்தனார் லஸ்கம் முதல் நாளே சொன்னார்.

"எவ்வளவு வேணா ஒசத்திக்கோம்மா. ஆனா மண்ணு செவுத்துல படக்கூடாது. செவுரு நெடுக ஒரு முழத்துக்குப் பள்ளம் விடு, தண்ணி வடியட்டும். வாசல்ல மட்டும் குறுக்க ஒரு பலகை போடு. வெளியில சிமெண்டு வேற பூசித் தொலைச்சிருக்கான் எவனோ. உள்ள போன ஈரம் வெளிய வராது."

பள்ளத்தை வரைந்தேன். பழைய வீடுகளைப் பாதுகாக்கும் அலுவலகம் அந்த வரைபடத்துக்குத்தான் அனுமதி கொடுத்தது. பிறகு கல் பதிக்கிற நாள் வந்தது. சுவரோரமாக அந்தக் கறுப்புப் பள்ளம், என் அழகான வெளிர்க் கல் தரைக்கும் வெள்ளைச் சுவருக்கும் நடுவே. அதைப் பார்க்கப் பார்க்க என் கண் உறுத்தியது. லஸ்கம் இடுப்பு அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பள்ளத்தை மூடினேன். கல்லைச் சுவர்வரை கொண்டுபோய் ஒட்டினேன். சுவரோரம் லாவெண்டர் நட்டு அதற்குச் சொட்டுநீர்க் குழாயும் விட்டேன். பள்ளம் எங்கே என்று ரோவீனா கேட்டபோது, "லஸ்கம் சரின்னுட்டார்," என்றேன்.

அந்த ஒரு வாக்கியம் ஒன்பது மாதமாக என் வயிற்றில் கிடந்தது. முதல் வரைபடம் காரின் பின்சீட்டில் ஒரு அட்டைக் குழாய்க்குள் சுருண்டு கிடந்தது. எறியவும் மனசு வரவில்லை, எடுக்கவும் தைரியம் வரவில்லை.

கண்ணாடிக்கு உள்ளே டென்சில் மடியில் தட்டோடு உட்கார்ந்து வருகிறவர்களை எடை போட்டுக்கொண்டிருந்தார். கதவின் இடைவெளி வழியாக அவர் குரல் வந்தது.

"ஜோஸ் அம்மணி, அந்த நீலத் தொப்பிக்காரி மூணாவது கேக் எடுக்குறா. பாத்துக்க. சந்தையில இருந்தா நல்ல வெல போவா."

"கேட்டுறப் போகுது, டென்சில்."

"கேக்கட்டுமே. என்னைத் தொரத்திக்கிட்டு ஓடியா வரப் போறா?"

அப்போதுதான் லஸ்கம் முற்றத்து வாயிலில் நுழைந்தார். புது இடுப்பு, கையில் தடி. யாரையும் பார்க்கவில்லை, நேராகச் சுவரைப் பார்த்தார். கிட்டே வந்து தடியின் முனையால் தட்டினார். நல்ல சுவர் சத்தமே போடாது. இது காலிப் பெட்டி மாதிரி பேசியது.

"பள்ளம் எங்கம்மா?"

"மூடிட்டோம்."

"யாரு மூடச் சொன்னா?"

"ரோவீனாதான். பாக்க நல்லா இல்லைன்னாங்க."

வாய் கூசாமல் வந்துவிட்டது. ரோவீனா பத்தடி தள்ளி யாருக்கோ என் லாவெண்டரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்.

லஸ்கத்தின் முகம் இறுகியது. "தெரிஞ்சே செஞ்சாங்களா? சரி. அவங்க வீடு, அவங்க இஷ்டம். நாளைக்கே தோண்டி எடுக்கச் சொல்லு. நான் சொல்லி என்ன ஆகப் போகுது," என்று சொல்லிவிட்டுத் தேநீர் வரிசைக்குப் போய்விட்டார். அவருடைய கோபம் என்னைக் காப்பாற்றியது என்று ஒரு கணம் நிம்மதிகூட வந்தது. இப்போது நினைத்தாலும் அந்த நிம்மதிதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

சுவரோரம் நீளமாக ஒரு பெஞ்சு. அதுவும் நான் போட்டதுதான். அதில் எட்டுப் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். நீலத் தொப்பிப் பெண்மணி என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. கிரீம்ல மண்ணு விழுது."

அவர் தட்டைப் பார்த்தேன். வெள்ளைக் கிரீமின் மேல் பழுப்புத் துகள், பொடிந்த வைக்கோல். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சிட்டிகை விழுந்தது. நிமிர்ந்தேன். கதவின் மேல் மூலையிலிருந்து ஒரு விரிசல் சாய்வாக மேலே போயிருந்தது. காலையில் அதைப் பார்த்தபோது மேல்பூச்சு வெடிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது பக்கத்து மேஜையிலிருந்த கேக் முள்கரண்டியை எடுத்து எட்டி உள்ளே விட்டேன். பிடிவரைக்கும் போனது.

கதவு ஏன் இறுகியது என்று அப்போது ஒத்துக்கொண்டேன். சுவர் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. அதன் எடை கதவின் மேல் சட்டத்தை அழுத்துகிறது. உள்ளே டென்சில். பின்பக்க நடைவழி இரண்டடி அகலம், இறங்க மூன்று படி. நாற்காலி வெளியே வர இந்தக் கதவைவிட்டால் வேறு வழி இல்லை.

அப்போதும் உண்மையைச் சொன்னேனா என்றால் இல்லை. முதலில் சப்பைக்கட்டுத்தான் கட்டிப் பார்த்தேன்.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் மரத்தடிக்கு வரீங்களா? அங்க நிழலா இருக்கும்."

மூன்று வார மழைக்குப் பிறகு வந்த வெயிலில் உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்க்காரர்களை நிழலுக்குக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய மடத்தனம். எட்டுப் பேரும் புன்னகைத்தார்கள். "ரொம்ப நன்றி, இங்கயே சுகமா இருக்கு," என்றார் ஒருவர். ஒருத்தர்கூட அசையவில்லை.

ரோவீனா வேகமாக வந்தார். "என்ன ஜோஸ் இது? உக்காந்திருக்கிறவங்களை எதுக்குக் கிளப்புற?"

"செவுரு விழப் போகுது."

"லஸ்கம் பாத்துச் சரின்னவருதானே. அவரே இங்கதான் இருக்காரு, கேளு."

வரிசையில் லஸ்கம் கையில் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார். நான் பேசியே ஆக வேண்டும். இதைச் சொன்னால் இந்த ஜில்லாவில் எனக்கு இனி வேலை கிடையாது. அனுமதி வாங்கிய வரைபடத்தை மீறியதற்கு வழக்கே வரும். மேலேயிருந்து இன்னொரு சிட்டிகை மண் விழுந்தது, இந்தத் தடவை என் கையிலேயே.

"அவர் சரின்னு சொல்லவே இல்ல," என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "பள்ளம் வேணும்னுதான் சொன்னார். பாக்க அழகா இல்லைன்னு நான் மூடினேன். உங்ககிட்ட அவர் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். இப்ப அவர்கிட்ட உங்க பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன். ஒன்பது மாசமா செவுரு தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கு. எல்லாரும் எழுந்திரிங்க, இப்பவே."

லஸ்கத்தின் கோப்பை கல் தரையில் விழுந்து உடைந்தது. சொல்லைவிட அந்தச் சத்தம்தான் பெஞ்சை எழுப்பியது. மரியாதையாக, தட்டைக் கவிழ்க்காமல், "மன்னிக்கணும், மன்னிக்கணும்" என்று ஒருவருக்கொருவர் வழிவிட்டு எழுந்தார்கள். எனக்கு அவர்களைப் பிடித்துத் தள்ள வேண்டும்போல் வெறி வந்தது. நீலத் தொப்பி திரும்பிப் போய்த் தன் கைப்பையை எடுத்தது.

ரோவீனா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். அடுத்த நொடி அவர் கதவில் இருந்தார். நான் மறு விளிம்பைப் பிடித்தேன். கதவு இரண்டு சாண் திறந்து நின்றது, அதற்கு மேல் இம்மியும் நகரவில்லை. நாற்காலிக்கு மூன்று சாண் வேண்டும்.

"கண்ணாடிய ஒடச்சிரலாமா?" என்று ரோவீனா கத்தினார்.

"தொடாதீங்க," என்றார் லஸ்கம். "இப்ப அந்தச் சட்டந்தான் மேல இருக்கிறதத் தாங்கிட்டு நிக்குது. ஜோஸ், என் வேன்ல ஜாக்கி கெடக்கு. ஓடு."

ஓடினேன். ஜாக்கியும் ஒரு வேலிக் கம்பமும் கொண்டுவந்தேன். புது இடுப்போடு அந்த மனிதர் வாசலுக்கு நடுவில், சுவருக்கு நேர் கீழே மண்டியிட்டார். ஜாக்கியின் மேல் கம்பத்தை நட்டு, அதன் தலையைச் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தார். நான் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஒவ்வொரு திருகாகத் திருகினார். மேலே எதுவோ முனகியது.

உள்ளே டென்சிலின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "ஒரு தரம்," என்றார் பழைய ஏலக் குரலில். "ரெண்டு தரம்."

"கொஞ்சம் சும்மா இருக்கியா," என்று அழுதார் ரோவீனா.

சட்டம் ஒரு விரற்கடை உயர்ந்தது. ரோவீனா இழுத்தார். கதவு ஓடியது. டென்சில் இடது கையால் சக்கரத்தை ஒரு தள்ளுத் தள்ளினார். நாற்காலி எங்கேயும் தடுக்காமல், ஒரு குலுக்கல்கூட இல்லாமல், சமையலறைத் தரையிலிருந்து முற்றத்துக்கு உருண்டு வந்தது. நான் லஸ்கத்தின் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். ஆப்பிள் மரத்தடிக்குப் போய்ச் சேரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை. நான் வீணாக ஊரைக் கலைத்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன். பிறகு பெரிய சத்தம் எதுவும் இல்லாமல், நனைந்த மூட்டையை இறக்கி வைப்பதுபோல, சுவர் அப்படியே கீழே அமர்ந்தது. பெஞ்சு மண்ணுக்கடியில் போனது. மாடி அறையின் கட்டில் திறந்தவெளியில் தெரிந்தது, ரோவீனா காலையில் மடித்து வைத்த போர்வையோடு. நானூறு வருடம் நின்ற சுவரை ஒன்பது மாதத்தில் விழவைத்துவிட்டேன்.

யாரோ ஒருவர் டென்சிலின் மடியில் தேநீர் வைத்தார். அவர் என் பக்கம் திரும்பினார். நான் அந்த மண்குவியலையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல மனிதர்.

"அம்மணி, ஒண்ணு சொல்லட்டா. நீ தரைய ஒசத்தலேன்னா அந்த ரெண்டு படி இருந்திருக்கும். நான் உள்ளயே மாட்டியிருப்பேன். நீ செஞ்சதுதான் என்னைக் காப்பாத்திச்சு."

கூட்டத்தில் சில தலைகள் ஆமோதித்து அசைந்தன. நீலத் தொப்பிகூட. ரோவீனாவின் கண்ணிலும் ஒரு தயக்கம் வந்தது, என்னை மன்னிக்க ஒரு காரணம் கிடைத்தால் தேவலை என்பதுபோல. லஸ்கம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டென்சில் சொன்னது சரியில்லை என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்ல மாட்டார் என்றும் எனக்குத் தெரிந்தது. சும்மா தலையாட்டினால் போதும், பாதிப் பழி அங்கேயே கரைந்துவிடும்.

கார்வரை நடந்துபோய் அந்த அட்டைக் குழாயை எடுத்து வந்தேன். வரைபடத்தை உருவி டென்சிலின் மடியில் விரித்தேன். ஓரம் சுருண்டது. ரோவீனா தன்னையறியாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அனுமதி முத்திரைக்குப் பக்கத்தில், என் கையால் வரைந்த சுவர், சுவரோரம் பள்ளம், வாசலில் பள்ளத்தின் குறுக்கே ஒரு சின்னச் செவ்வகம்.

"இது என்ன?" என்று டென்சில் அந்தச் செவ்வகத்தில் விரல் வைத்தார்.

"பலகை," என்றேன். "நாலடிப் பலகை. இதைப் போட்டிருந்தாலும் நீங்க இதே மாதிரி வெளிய வந்திருப்பீங்க. வர வேண்டிய அவசியமும் இருந்திருக்காது."

ரோவீனா வரைபடத்தை மெதுவாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு கணவரின் நாற்காலியைத் திருப்பித் தள்ளினார். வாயில் பக்கம் போகிறவரைக்கும் சக்கரம் என் கல் தரையில் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.