டேங்க் மேல் உட்கார்ந்த காக்கை

ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று இருப்பதாக ஊரெல்லாம் பேச்சு. "உங்களுக்கென்ன சார், ரெண்டு மாசம் ஜாலி" என்று முடிவெட்டுகிறவர்கூடச் சொல்கிறார். கத்தி அவர் கையில் இருப்பதால் நான் மறுத்துத் தலையாட்டுவதில்லை.

அந்த ஜாலியின் பத்தாம் நாள், வியாழக்கிழமை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தேன். நாற்பது கணக்கு ஆசிரியர்கள், மூன்று மின்விசிறி, அதில் சுற்றுவது ஒன்று. பயிற்சியின் பெயர் 'மகிழ்ச்சியான கணிதம்'. பயிற்சியாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கிளாப்ஸ். யாராவது தும்மினால்கூட, "சாருக்கு ஒரு கிளாப் குடுங்க" என்பார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு என் மனைவிக்கு ஆபரேஷன். பித்தப்பையில் கல். குளிர்காலத்திலேயே எடுத்திருக்க வேண்டியது. "லீவுல வெச்சுக்கலாம், நீங்க கூட இருப்பீங்க" என்று ஐந்து மாதம் வலியைப் பொறுத்துக்கொண்டாள். லீவு வந்தது. கூடவே வெளியூர்ப் பயிற்சிக்கு வரச் சொல்லி ஆணையும் வந்தது. சாயங்காலம் தேர்வு, பத்துக்குப் பத்து வாங்காதவர்கள் வெள்ளி, சனி இருந்து மறுபடி படிக்க வேண்டும். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் நான் விடிவதற்குள் வீடு போய்ச் சேருவேன்.

அப்போதுதான் திரையில் அந்தக் காக்கை வந்தது.

தண்ணீர் டேங்க், அதன்மேல் கோழி மாதிரி ஒரு காக்கை. அதை அவ்வளவு கேவலமாக வரைய உலகத்தில் ஒருவரால்தான் முடியும். அது நான்தான். ஐந்து வருஷம் முன்பு இதே மாதிரி ஒரு கோடைப் பயிற்சியின் கடைசி நாளில், ஆளுக்கொரு மாதிரிக் கணக்கு எழுதித் தரச் சொன்னார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று சார்ட்டில் கிறுக்கிக் கொடுத்துவிட்டு ஓடினேன். டேங்கில் நூறு லிட்டர். இருபது சதவீதம் கூட்டு. இருக்கும் தண்ணீரில் இருபது சதவீதம் இறக்கு. மிச்சம் எவ்வளவு?

கீழே என் கையெழுத்திலேயே விடை: நூறு.

எனக்குக் காது சுட்டது. இந்தத் தப்பைச் செய்த பிள்ளைகளை வருஷா வருஷம் எழுப்பி நிற்க வைத்தவன் நான்.

"சார், அது தப்பு" என்று எழுந்தேன். "நூத்தியிருபதுல இருபது சதவீதம் இருபத்தி நாலு. மிச்சம் தொண்ணூத்தாறு."

கிளாப்ஸ் சிரித்தார். "மெட்டீரியல் மேல இருந்து அப்ரூவ் ஆகி வந்தது சார். நாம கை வைக்க முடியாது. ஃபீட்பேக் ஃபாரம்ல எழுதுங்க."

"யோவ், இது நான் போட்ட கணக்கு! தப்பும் நான் போட்டதுதான்!"

"அப்படியா! சாருக்கு ஒரு கிளாப் குடுங்க!"

கைதட்டினார்கள்.

"சாயங்காலம் போன்ல வர்ற பரீட்சையில இதுதான் பத்தாவது கேள்வியாம்" என்றார் பக்கத்து பெஞ்ச் டீச்சர். "பேசாம நூறுன்னு தட்டிட்டுப் போங்க. என் பையனை அவன் பாட்டி வீட்ல விட்டு பத்து நாளாச்சு. நான் நூறுன்னுதான் தட்டப்போறேன்."

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் பேசினேன்.

"ஏங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்துப் போட ஆள் வேணுமாம். வந்துடுவீங்கல்ல?"

விஷயத்தைச் சொன்னேன்.

"தட்டிட்டு வாங்க. நீங்க செஞ்ச தப்புதானே, அடுத்தவங்க வீட்டுத் தப்பா?"

தட்டினேன். பத்துக்குப் பத்து. நாலு நிமிஷத்தில் முடித்துப் பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

"ஒரு நிமிஷம் சார்!" கிளாப்ஸ் முகத்தில் அத்தனை மலர்ச்சி. "முதல்ல முடிச்சு ஃபுல் மார்க் வாங்கினவர்தான் நாளைக்கு அடுத்த பேட்ச்சுக்கு இந்தப் பாடத்தை எடுக்கணும். மேலிடத்து உத்தரவு. காலைல ஒம்பது மணி."

மறுபடியும் அதே பஸ், அதே அவசரம், அதே நூறு. அந்த நிமிஷம் எனக்குக் கிளாப்ஸ் மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம்தான் பெரிது.

கரும்பலகைக்குப் போனேன். டேங்க் வரைந்தேன். காக்கை வரைந்தேன், இந்த முறையும் கோழிதான். பக்கத்தில் சுண்ணாம்புக்கட்டி ஒடியும்படி தொண்ணூற்றாறு என்று எழுதினேன்.

"எனக்குப் பத்துக்கு ஒம்பதுன்னு போட்டுக்கங்க. ஃபெயிலானவன் பாடம் எடுக்க முடியாது. நாளைக்கு மறுபடி படிக்கவும் வர முடியாது. என் பொண்டாட்டிக்கு ஆபரேஷன்."

"சார், விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும்."

"வரட்டும். அதையாவது சரிபார்த்து அனுப்பச் சொல்லுங்க."

யாரும் கைதட்டவில்லை. பக்கத்து பெஞ்ச் டீச்சர் மட்டும், "அஞ்சே முக்கால் சார், ஓடுங்க" என்றார்.

காலையில் பச்சை அங்கியோடு ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். கையெழுத்துப் போட்டேன்.

"நூறா, தொண்ணூத்தாறா?" என்றாள்.

"தொண்ணூத்தாறு."

"அப்ப ஃபெயிலா?"

"ஃபெயில்."

"அந்த மூஞ்சியில இருக்கற கோவத்தைக் கொஞ்சம் இறக்குங்க. டாக்டர் பயந்துடப்போறார்." என் விரலை ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போனாள்.

கதவு மூடியதும் பையில் போன் அடித்தது. கிளாப்ஸ். மணி எட்டு ஐந்து. இன்னும் ஒரு மணி நேரத்தில் வேறு நாற்பது பேருக்கு அந்தக் கோழியைக் காட்டுவார். அந்த நாற்பது பேரும் பள்ளி திறந்ததும் ஆளுக்கு ஐம்பது பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். இது ஐந்தாவது வருஷம்.

கணக்குப் போட்டுப் பார்க்கத் தைரியமில்லை. போனை எடுத்தேன்.

"நான் இல்லாம கிளாஸை ஆரம்பிக்காதீங்க. ஒம்பது மணிக்கு என்னை ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். "இங்கிருந்தே கத்தறேன்."